வழுக்கல்

தமிழிலே 'பனி' என்ற சொல்லுக்கு வேலைப் பளு அதிகம். மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் முத்து முத்தாக நிற்கிறதே, அதுவும் பனி. உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் எதிரே வருகிற லாரியின் விளக்கையே விழுங்கிவிட்டுத் தொங்குகிறதே, அதுவும் பனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் நீலகிரிப் புல்வெளிகளுக்கு வெள்ளையடித்துவிட்டு, வெயில் ஏறினதும் ஓடிவிடுகிறதே, அதை மட்டும் உறைபனி என்று கொஞ்சம் நீட்டிச் சொல்கிறோம். கனடா தேசத்தில் யாரோ இலவம் பஞ்சுத் தலையணையைக் கிழித்து உதறுவது போல் ஆகாயத்திலிருந்து கொட்டுகிறதே, அதுவும் பனிதான். ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு ஆசாமிகள் இருந்தால் தபால்காரர் என்ன பாடு படுவாரோ, அந்தப் பாட்டை இந்தச் சொல்லால் என் அக்கா பட்டாள்.

அக்காவின் மகன் டொரான்டோ நகரத்தின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறான். 2021ஆம் வருஷம் ஆகஸ்டில் படிக்கப் போனான். நவம்பரில் ஒரு நாள் டெலிபோனில், "இங்கே பனி ஆரம்பிச்சிடுச்சும்மா" என்றான். "காதுல துண்டைக் கட்டிக்கோடா, சளி பிடிக்கும்" என்றாள் அக்கா. பையன் சிரித்துவிட்டுப் போனின் கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினான். தெரு இல்லை, எதிர் வீட்டுப் படிகள் இல்லை, கார்கள் நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகச் சில மேடுகள் மட்டும் இருந்தன. அக்கா நெடுநேரம் பேசவே இல்லை. அதற்கப்புறம் அவள் அதைப் பனி என்று சொல்வதில்லை. "ஐஸ்" என்றுதான் சொல்கிறாள். பையனுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவரும் "ஸ்னோ" என்றுதான் சொல்கிறாராம். 1983ஆம் வருஷக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அங்கே குடியேறியவர்கள், பல்லாயிரக் கணக்கானவர்கள், பனையும் வேம்பும் நிற்கிற ஊரிலிருந்து நேரே அந்தக் குளிருக்குள் போய் இறங்கியவர்கள். பெயர் வைப்பதில் அவர்கள் என்னைவிட அநுபவசாலிகள். ஆகையால் நானும் இந்தக் கட்டுரையில் ஸ்னோ என்றும் ஐஸ் என்றுமே எழுதப் போகிறேன். தமிழன்பர்கள் மன்னிக்க வேண்டும்.

முதல் குளிர்காலம் பஸ்ஸிலும் ரயிலிலும் கழிந்தது. படிப்பு முடிந்து, 2022ஆம் வருஷம் மிஸிஸாகா என்ற பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வேலை கிடைத்தது. ராத்திரி வேலை. அந்த வேளையில் பஸ்ஸை நம்பிப் போனால் முதல் நாள் ராத்திரிக்கு மறுநாள் காலையில்தான் போய்ச் சேரலாம். எனவே பழைய கார் ஒன்று வாங்கினான். போக ஒரு நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர், வர அவ்வளவு. அதுவும் 401 என்கிற நெடுஞ்சாலையில். உலகத்திலேயே அதிகமாக வண்டி ஓடுகிற சாலைகளில் அது ஒன்று.

பையன் கார் ஓட்டப் பழகியது எங்கள் விருத்தாசலத்தில். இங்கே கார் ஓட்டுவது என்றால் வலது காலாலும் வலது கட்டை விரலாலும் செய்கிற காரியம். விரல் ஹாரனை அழுத்தும். கால் பிரேக்கை அழுத்தும். மற்றதெல்லாம் தெய்வ சங்கற்பம். வழுக்கல் என்றால் எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். மாசி, பங்குனியில் உளுந்துச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரங்கள் கூலி வாங்காமல் அடித்துக் கொடுக்கும். காய்ந்த செடியின் அடியில் உருண்டை உருண்டையாக உளுந்து கிடக்கும். அதன் மேல் மோட்டார் சைக்கிளில் பிரேக் போட்டவர்களை விருத்தாசலத்து ஆஸ்பத்திரி நன்றாக அறியும். அதே போலக் கோடை கழிந்து முதல் மழை தூறும்போது, ரோட்டில் படிந்திருக்கிற எண்ணெயும் தூசியும் குழைந்து ஒரு பசை ஆகும். நன்றாகக் கொட்டுகிற மழை அதைக் கழுவிவிடும், தூறல்தான் ஆபத்து. ஆனால் இவையெல்லாம் பத்தடி, இருபதடி சமாசாரம். நாற்பது கிலோமீட்டருக்கு உளுந்து பரப்பியிருந்தால் எப்படியிருக்கும்?

அக்கா இதை வேறு விதமாகக் கேட்டாள். "நீ கதை எழுதறவன்தானே? ஐஸ் மேல கார் எப்படி ஓட்டறதுன்னு அவனுக்குப் புரியற மாதிரி ஒரு கடுதாசி எழுதேன்டா."

நாவலாசிரியனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வாசகர்கள் இன்னும் குடும்பத்துக்குள்ளாவது இருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் விஷயம் விளையாட்டு இல்லை. எனவே எங்கள் ஊரில் ஐஸின் மேல் வண்டி ஓட்டிய ஒரே மனிதராக நான் அறிந்தவரைத் தேடிக்கொண்டு போனேன்.

அவர் பட்டாளத்தில் லாரி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீநகரிலிருந்து லே வரை போகிற சாலையில் பல வருஷங்கள் சரக்கு ஏற்றிப் போனவர். ஸோஜி லா கணவாய் சுமார் பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரம். ஒரு பக்கம் மலைச் சுவர், மறு பக்கம் பள்ளம். இப்போது இங்கே செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து அகல் விளக்கும், கொலு பொம்மையும், மின்சார பியூஸ் கட்டைகளும் வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டிகளை ஏற்றிச் செல்கிறார். பீங்கான் ஏற்றுகிற வண்டிக்கு அவரைவிட நல்ல டிரைவர் கிடைக்கமாட்டார். அவர் பிரேக் போட்டால் வண்டி நின்றுவிட்டது என்பது பின்னால் இருக்கிற பொம்மைகளுக்கே தெரியாது.

விஷயத்தைச் சொன்னேன். டீயைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "வாங்க தம்பி, காட்டறேன்" என்று ஒரு பட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைக் களிமண்ணும், அரைத்த கல் மாவும், தண்ணீரும் சேர்த்து உருளையில் போட்டு அரைத்து, பாலேடு போலக் குழம்பாக்குகிறார்கள். அதைப் பிளாஸ்டர் அச்சுகளில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, களிமண் சுவரோடு சுவராகப் படிந்து பிள்ளையாராகவோ கிருஷ்ணனாகவோ ஆகிறது. இந்தக் குழம்பு கொஞ்சமாவது தரையில் சிந்தாமல் இருக்காது. சிமெண்டுத் தரையில் சிந்திய களிக்குழம்பின் மேல் கால் வைத்தால், மறு காலை எங்கே வைப்பது என்று நாம் தீர்மானிப்பதற்குள் வேறு யாரோ தீர்மானித்துவிடுவார்கள்.

அந்தத் தரையில் பெண்கள் பலகை நிறைய ஈர பொம்மைகளை ஏந்திக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தார்கள்.

"அந்தம்மா காலைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். பாதம் முழுவதும் தரையில் படிய, சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்தார்கள். அடுக்குச் சட்டம் வருவதற்கு நாலு அடி முன்னாலேயே நடை தளர்ந்துவிட்டது. திரும்ப வேண்டிய இடத்தில் முதலில் நின்றாற்போல் ஆகி, அப்புறம் திரும்பினார்கள். திரும்பிக்கொண்டே நிற்கவும் இல்லை, நின்றுகொண்டே திரும்பவும் இல்லை. ஒரு சமயத்தில் ஒரு காரியம்.

"அவ்வளவுதான் தம்பி ஐஸு. வேகத்தைக் கொறைக்கணும்னா நேர் ரோட்டுல கொறைச்சுக்கணும். வளைவுக்குள்ள போனப்புறம் பிரேக்கும் தொடக் கூடாது, ஆக்ஸிலேட்டரும் தொடக் கூடாது. சக்கரத்துக்கு ஒரு பிடிதான் இருக்கு. அதுல பாதியை பிரேக்குக்குக் குடுத்துட்டா திரும்பறதுக்கு என்ன மிச்சம்?"

இந்த விஷயத்தைப் பற்றிப் பிறகு நான் எவ்வளவோ படித்தேன். கனடாக்காரர்களும் நார்வேக்காரர்களும் படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். பட்டறை வாசலில் அவர் சொன்ன இந்த நாலு வரிக்கு மேல் யாரும் அதிகமாகச் சொல்லிவிடவில்லை.

கணக்காகப் பார்த்தால் பயம் இன்னும் தெளிவாகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், காய்ந்த நல்ல ரோட்டில் பிரேக்கை அழுத்திய இடத்திலிருந்து சுமார் 14 மீட்டரில் நின்றுவிடும். ரயிலில் ஒரு பெட்டியின் நீளம்கூட இல்லை. அதே கார், அதே வேகம், ஈரமான ஐஸ் மேல் ஏறக்குறைய 100 மீட்டர் போய்த்தான் நிற்கும். எங்கள் ஜங்ஷனில் நிற்கிற ரயிலில் நாலரைப் பெட்டி. அந்த நாலரைப் பெட்டி தூரமும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் கிட்டத்தட்ட ஒரு பிரயாணிதான்.

இதில் இன்னொரு விசித்திரம். கடுங்குளிரைவிட அரைகுறைக் குளிரில்தான் ஐஸ் அதிகமாக வழுக்கும். சைபருக்குக் கீழே இருபது டிகிரியில் ஐஸ் காய்ந்த கல்லைப் போல் இருக்குமாம். சைபரை ஒட்டி இருக்கும்போதுதான் அதன் மேல் தண்ணீர்ப் படலம் படிந்து, களிக்குழம்பு வேலையைச் செய்கிறது. ஸோஜி லாவிலும் அப்படித்தான். பகலில் உருகி ரோட்டில் ஓடுகிற நீர், சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் உறையும். "சாயங்காலம் நாலு மணி ரோடுதான் எமன்" என்றார் அவர்.

வெள்ளைக்காரர்கள் 'கறுப்பு ஐஸ்' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். அது கறுப்பே இல்லை. நிறமே இல்லாத மெல்லிய ஐஸ் தகடு. அடியில் இருக்கிற தார் ரோடு தெரிவதால் கறுப்பாகத் தெரிகிறது. விருத்தாசலத்துக்காரனுக்கு இதை விளங்க வைப்பது சுலபம். சூளையில் வைப்பதற்கு முன் பொம்மைக்கு மெருகுப் பூச்சு கொடுக்கிறோம் அல்லவா? சுட்டு எடுத்ததும் கண்ணாடியாகி, கீழே உள்ள வர்ணத்தைக் காட்டிக்கொண்டு தான் மறைந்து நிற்கிறதே, அந்தப் பூச்சுதான். ரோடு ஈரமாக இருக்கிறது என்று கண் சொல்லும். ஆனால் முன்னால் போகிற வண்டியின் டயர் தண்ணீரைச் சிதறடிக்காது. அப்படியானால் அது ஈரம் இல்லை, ஐஸ். பாலங்களில் இது முதலில் பிடிக்கும். மேலேயும் கீழேயும் குளிர்காற்று ஓடுவதால், மண்ணோடு ஒட்டிய ரோட்டைவிடப் பாலம் சீக்கிரம் உறைந்துவிடுகிறது.

நான் கடிதம் எழுத உட்கார்ந்தபோது ஒரு சிக்கல் வந்தது. கதாசிரியர்களின் கடிதத்தில் சிக்கல் வருவது சகஜம். இது உயிர் சம்பந்தமான சிக்கல். பட்டாளத்து நண்பர் சொன்னார்: "மிதிச்சே ஆகணும்னா பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கச் சொல்லுங்க. அழுத்திப் பிடிச்சா சக்கரம் பூட்டிக்கும், வண்டி பலகை மாதிரி சறுக்கிடும்." அவர் ஓட்டிய லாரிக்கு அது சத்தியம். பையனின் காரோடு வந்த கைப்புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் படித்தேன். அதில் நேர் எதிராக எழுதியிருந்தது. ஏ.பி.எஸ். என்ற அமைப்பு உள்ள காரில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டுப் பிடிக்கிற வேலையை அந்த யந்திரமே மனிதக் காலைவிடப் பன்மடங்கு வேகமாகச் செய்கிறது. அவசரத்தில் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, எடுக்காமல் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். காலுக்கடியில் பெடல் குதிரை மாதிரி உதறும். கடகடவென்று சத்தம் வரும். அதற்குப் பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. இந்தியாவிலும் 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்கெல்லாம் இது கட்டாயம்.

இதை நண்பரிடம் போய்ச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷ அநுபவத்தை ஒரு கைப்புத்தகத்தைக் காட்டி மறுப்பதா? ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்தார். "அப்போ அந்தப் பையன் என்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டிருந்தா, அவசரத்துல நான் சொன்னபடி காலை எடுத்திருப்பான்" என்றார். குரல் சற்று இறங்கியிருந்தது. "யந்திரம் என்ன சொல்லுதோ அதையே எழுதுங்க. ஆனா ஒண்ணு சேர்த்துக்கங்க. அந்த யந்திரம் வண்டி திரும்பத்தான் உதவும். ஐஸ்ல தூரத்தைக் கொறைச்சுடும்னு நம்பிடப் போறான்."

அவர் சொன்னது சரிதான். தூரத்தைக் குறைக்கிற யந்திரம் எதுவும் இல்லை. நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள பெரிய வண்டிக்காரர்கள் பலருக்கு ஒரு மயக்கம் உண்டாம். அந்த இழுவை ஐஸில் கிளம்ப உதவும், நிற்க உதவாது. புயலுக்கு மறுநாள் பள்ளத்தில் கிடக்கிற வண்டிகளில் அந்த ஜாதி வண்டிகளும் தாராளமாக இருக்கும்.

உதவுகிற சாமான் ஒன்றே ஒன்று உண்டு, டயர். சாதாரண ரப்பர், உஷ்ணம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே விறைக்கத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் ரப்பர் விறைக்காமல் மெத்தென்று இருந்து ரோட்டைப் பற்றுகிறது. மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு ஸ்னோப் பூவும் பக்கவாட்டில் அச்சிட்டிருந்தால் அது அசல். பக்கத்து க்யுபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது இல்லாமல் கார் எடுக்கவே சட்டம் இடம் கொடுக்காது. பையன் இருக்கிற ஒண்டாரியோவில் கட்டாயம் இல்லை. போட்டுக்கொண்டால் இன்ஷ்யூரன்ஸில் கொஞ்சம் தள்ளுபடி உண்டு, அவ்வளவுதான். கட்டாயம் இல்லாததைச் செலவு செய்து வாங்குவானேன் என்று பையன் இழுத்தான். நாலு டயரின் விலை கிட்டத்தட்ட அவனுடைய ஒரு மாத அறை வாடகை. அக்கா வீட்டுக்காரருடைய சின்னப் பட்டறை அந்த வருஷம் அவ்வளவு லாபமாக ஓடவில்லை. மகன் அனுப்புகிற பணத்தில்தான் சூளைக் கடன் அடைந்துகொண்டிருந்தது.

அக்கா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. "இந்த மாசம் காசு அனுப்பாதே. டயர் வாங்கு" என்றாள். கடன்காரருக்கு வேறு ஏதோ சமாதானம் சொன்னாள். அது என்ன சமாதானம் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஆனால் கார்த்திகையில் அவள் கையில் வளையல் இல்லை.

என் கடிதம் ஒருவாறு உருவாயிற்று. மற்றவற்றைச் சுருக்கமாகவே எழுதினேன். முன்னால் போகிற வண்டிக்கும் உனக்கும் எட்டு, பத்து விநாடி இடைவெளி வை. அவன் ஒரு கம்பத்தைத் தாண்டினதும் எண்ணத் தொடங்கு. நீ அந்தக் கம்பத்தை அடையும்போது எட்டுக்குக் குறைவாக இருந்தால் நீ அவன் மடியில் உட்கார்ந்திருக்கிறாய் என்று அர்த்தம். வேகத்தைத் தானே காக்கிற 'க்ரூஸ்' விசையை ஐஸில் தொடாதே. பின்பக்கம் வீசினால், எங்கே போக வேண்டுமோ அங்கே பார், கையும் அங்கேயே போகும். எதன் மேல் மோதிவிடுவோம் என்று பயப்படுகிறாயோ அதை உற்றுப் பார்க்காதே. திருப்பியும் வண்டி திரும்பாமல் நேரே போனால், இன்னும் திருப்பாதே. ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கைச் சற்றுத் தளர்த்தி, டயர் மறுபடி பிடிக்கும் வரை பொறு. கூரையில் இருக்கிற ஸ்னோவை வழித்துவிட்டுக் கிளம்பு. பெட்ரோல் பாதிக்குக் கீழே போகவிடாதே. ஒரு கம்பளி, ஒரு மண்வெட்டி, ஒரு மூட்டை மணல். எங்கேயாவது சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு நடக்காதே. புகைக்குழாயை ஸ்னோ அடைத்திருக்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டே இஞ்சினை ஓட்டு. அடைத்திருந்தால் வாசனையில்லாத விஷப்புகை உள்ளே திரும்பும், தூக்கம் போல வந்து ஆளை முடித்துவிடும்.

கடைசி வாக்கியத்தை அக்காவிடம் படித்துக் காட்டவில்லை.

யாழ்ப்பாணத்துப் பெரியவர் என் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "மாமா எழுதினது சரி. ஆனால் கடிதம் கார் ஓட்டாது. வாரும் தம்பி" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தெரிந்தவர் ஒருவருடைய காலி மைதானத்துக்கு அவனை அழைத்துக்கொண்டு போனாராம். அங்கே வேண்டுமென்றே இருபது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதிக்கச் சொன்னார், சறுக்கச் சொன்னார், மீளச் சொன்னார். பெடல் உதறுவதை அவன் கால் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது. நான் எழுதிய பக்கங்களில் எதற்காவது பயன் உண்டென்றால், அந்தப் பெரியவரை ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதுதான்.

2022 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை. நமக்கு மார்கழி பிறந்து எட்டாம் நாள். அன்று வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியை ஒரு பெரும் பனிப்புயல் தாக்கியது. மழையாக இருந்தது, காற்றுத் திரும்பிச் சில மணி நேரத்தில் குளிர் சடாரென்று இறங்கியதால், நனைந்த ரோடுகள் அப்படியே உறைந்து போயின. சாதாரணமாக அந்த நகரங்களில் சாலையில் உப்பைக் கொட்டி ஐஸைக் கரைப்பார்கள். மரக்காணத்து உப்பளக்காரர்கள் பார்த்தால் கண்ணீர் விடுகிற அளவு உப்பு. மழை பெய்தால் போட்ட உப்பு கரைந்து ஓடிவிடும். குளிர் மிகவும் இறங்கிவிட்டால் உப்பின் ஜம்பம் சாயாது.

பையன் வேலை முடிந்து வீடு சேர்ந்ததும் கூப்பிடுவது வழக்கம். அங்கே காலை எட்டு மணி, இங்கே மாலை ஆறரை. அக்கா விளக்கேற்றிவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். அன்று ஆறரை ஆயிற்று. ஏழரை ஆயிற்று. நாங்கள் கூப்பிட்டால் போன் உயிரோடு இல்லை. எட்டரை மணிக்கு என்னை வரச் சொன்னாள். நான் போனபோது டெலிவிஷனை அணைத்துவிட்டு, வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. "உள்ளே வாக்கா" என்றேன். "இது பனிதானேடா, இது என்ன செய்யும்" என்றாள்.

அவளிடம் நான் எந்த ஆறுதலும் சொல்லவில்லை. அந்த மாதிரி சமயத்தில் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அத்தான் பட்டறைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பட்டாளத்து நண்பரும் செய்தி கேட்டு வந்து, தெருவில் நின்று பீடி பிடித்தார். திண்ணைப் பக்கம் வரவில்லை.

இரவு பதினொன்றரை மணிக்குப் போன் வந்தது. யாருடைய போனிலிருந்தோ பேசினான். மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகாமல் ஓரத் தடத்தில் வந்திருக்கிறான். பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு கடந்து போயிருக்கிறார்கள். ஹம்பர் நதிப் பாலம் வருவதைப் பார்த்து, ஏறுவதற்கு முன்பே காலை எடுத்துவிட்டானாம். பாலத்துக்கு அப்பால், அவனைக் கடந்து போனவர்களில் சிலர் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தார்கள். "பிரேக்கை மிதிச்சேன் மாமா. கால் உதறிச்சு. எடுக்கல. முன்னாடி கிடந்த வண்டியைப் பார்க்காம ஓரத்து இடைவெளியைப் பார்த்தேன். அங்கேயே போய் நின்னுடுச்சு." நின்ற பிறகு நாலு மணி நேரம் வழி திறக்கவில்லை. குளிரில் போனின் பாட்டரி செத்துவிட்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மணிக்குப் பத்து நிமிஷம் இஞ்சினை ஓட்டி, ஒவ்வொரு தடவையும் இறங்கிப் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்த காரில் கைக்குழந்தையோடு ஒரு பஞ்சாபிக் குடும்பம். அவர்களுடைய குழாயையும் இவன்தான் போய்ப் போய் வழித்துவிட்டிருக்கிறான்.

அந்தப் புயலில் ஏரிக்கு அக்கரையில், அமெரிக்காவைச் சேர்ந்த பஃபலோ நகரமும் அதைச் சுற்றிய பகுதியுமாக மட்டும் நாற்பது பேருக்கு மேல் இறந்து போனார்கள். அவர்களில் சிலர் தங்கள் கார்களுக்குள்ளேயே இருந்தார்கள். மறுநாள் அதைப் பத்திரிகையில் படித்தேன். அன்றைய பத்திரிகையை அக்கா வீட்டுக்குப் போகவிடாமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் அவள் கையில்தான் போன் இருக்கிறதே, அவளும் படித்துவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது. எங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி இதுவரை பேசிக்கொண்டதில்லை.

பட்டாளத்து நண்பருக்குப் பையன் பேசியதை ஒன்று விடாமல் சொன்னேன். பாலத்துக்கு முன் காலை எடுத்ததைக் கேட்டுத் தலையை ஆட்டினார். பெடல் உதறியும் எடுக்கவில்லை என்றதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மறுநாள் பீங்கான் பெட்டிகளை ஏற்றும்போது, தம் புதிய வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறதா என்று முதலாளியிடம் விசாரித்தாராம். இருக்கிறது என்று சொன்னார்களாம்.

ஏப்ரல் வந்தது. அங்கே ஸ்னோ கரைந்து, உஷ்ணம் 7 டிகிரியைத் தாண்டியதும் குளிர்கால டயரைக் கழற்றிவிட வேண்டும். வெயிலில் அந்த மெத்தென்ற ரப்பர் சீக்கிரம் தேய்ந்து போகும். கழற்றிய நாலையும் எங்கே வைப்பது? பையனுடைய அறையில் அவனுக்கே இடம் இல்லை. அதற்கென்று கடைகள் இருக்கின்றனவாம். மறு குளிர்காலம் வரை பத்திரமாக வைத்திருந்து தருவார்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு.

"டயருக்குக் குடக்கூலியா?" என்று அக்கா கேட்டாள். அப்புறம் எவ்வளவு என்று விசாரித்து, அதையும் கொடுத்துவிடச் சொன்னாள்.